வழியில் கிடைத்த அடையாள அட்டை, குப்பையில் கிடந்த பைல்: என்ன செய்வது?

நானுஓயாவில் ரயில் நின்றபோது பருப்பு வடை வாங்கினேன். வடையைத் தின்று முடித்துவிட்டு, அடியில் கிடக்கும் பொரித்த மிளகாய்க்காகப் பையைப் பிரித்தேன். வழக்கமாக அந்தப் பைகளைப் பிள்ளைகளின் பழைய கொப்பித் தாளில்தான் ஒட்டியிருப்பார்கள். கணக்குப் பாடம், சிவப்பு மையில் டீச்சர் போட்ட சரி, அவ்வளவுதான் இருக்கும். அன்று இருந்தது ஒரு கடன் விண்ணப்பத்தின் இரண்டாம் பக்கம். ஒரு பெண்ணின் முழுப்பெயர், அடையாள அட்டை இலக்கம், தோட்டத்தின் பெயர், மாத வருமானம், பிணை நிற்கும் இருவரின் கையெழுத்து. எண்ணெய் பட்ட இடத்தில் தாள் கண்ணாடி மாதிரி ஆகி, பின்பக்க எழுத்தும் சேர்ந்து தெரிந்தது.

நான் இலங்கை மலையகத்தில், ஹட்டன் டவுனில் போட்டோ கொப்பி கடை வைத்திருப்பவன். நாள் முழுக்க மற்றவர்களின் காகிதங்கள்தான் என் கையில். மலையகத்துக்குப் புதிதாக வேலைக்கு வந்தவர்கள், அதாவது ஆசிரியர்கள், வங்கிக்காரர்கள், தொண்டு நிறுவனப் பிள்ளைகள், வழியில் கிடந்த ஆவணத்தைக் கடைக்குக் கொண்டுவந்து "இத என்ன செய்றது அண்ணே?" என்று கேட்பது வழக்கம். பாதிப் பேர் அதே மூச்சில் "எரிச்சிடட்டுமா?" என்றும் கேட்பார்கள். நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறார்கள். வேறு ஊரில் அது சரியாகவும் இருக்கலாம். இங்கே கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களில், அதாவது தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து வந்தவர்களின் வழிவந்தவர்களில், பெரும்பாலானவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. அடுத்த வருடம் வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தவர்கள் தாங்கள் இங்கேயே வாழ்ந்ததைக் காகிதத்தால் நிரூபிக்க வேண்டியிருந்தது. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது, இந்தியாவுக்கு இத்தனை, இலங்கைக்கு இத்தனை என்று ஆட்களை எண்ணிப் பிரித்தார்கள். பிறகு 1988இல் ஒரு சட்டம், 2003இல் இன்னொரு சட்டம் வந்துதான் விவகாரம் பெரும்பாலும் தீர்ந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் ஒரு சமூகம் "நீ யார் என்பதற்குத் தாள் எங்கே?" என்ற கேள்விக்கு முன்னால் நின்றிருக்கிறது. அதனால்தான் லயத்துக் காம்பராவில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டின் அறையில், ட்ரங்குப் பெட்டியின் அடியில், சேலைக்கும் கீழே, சொப்பிங் பேக்கில் சுற்றியபடி காகிதங்கள் இருக்கும். மஞ்சளாகி, மடிப்பில் கிழிந்து, டேப் ஒட்டியிருக்கும். பார்ப்பவருக்குக் குப்பை. அந்த வீட்டுக்கு அது பத்திரம்.

இன்னொன்று, பெயர். ஒரே ஆள் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் லெட்சுமி, செக்ரோலில், அதாவது தோட்டத்து வேலையாட் பதிவேட்டில், லச்சுமி, அடையாள அட்டையில் லக்‌ஷ்மி. தோட்டத்து கிளார்க் காதில் விழுந்தபடி எழுதினார், பதிவாளர் சிங்களத்தில் எழுதினார், பிறகு யாரோ ஆங்கிலத்துக்கு மாற்றினார்கள். இந்த மூன்று லெட்சுமியும் ஒருவரே என்று காட்டாமல் ஊழியர் சேமலாப நிதியைக் கையில் வாங்க முடியாது. அதற்குச் சத்தியக் கடதாசி, சமாதான நீதவான், கிராம உத்தியோகத்தர் என்று அலைவார்கள். நீங்கள் ரோட்டோரத்தில் கண்ட கிழிந்த தாள்தான் இரண்டு பெயரையும் சேர்த்துக் கட்டும் முடிச்சாக இருக்கலாம். அதனால் கையில் கிடைத்ததும் தீப்பெட்டியைத் தேடாதீர்கள்.

முதல் பத்து நிமிடம்

எடுங்கள். "நமக்கு ஏன் வம்பு" என்று விட்டுப் போனால் அடுத்த மழை அதைக் கானுக்குள், அதாவது வடிகாலுக்குள், கொண்டுபோய்விடும். இங்கே அடுத்த மழைக்கு அரை மணி நேரம் கூட எடுக்காது.

எடுப்பதால் சட்டப் பிரச்சினை வருமோ என்று சிலர் பயப்படுவார்கள். 1883ஆம் ஆண்டிலிருந்து நம்மிடம் இருக்கும் தண்டனைச் சட்டக் கோவை இதைத் தெளிவாகவே சொல்கிறது: பாதுகாப்பதற்காகவோ உரியவரிடம் கொடுப்பதற்காகவோ எடுப்பது குற்றம் இல்லை. உரியவர் யார் என்று தெரிந்தும், அல்லது தேடிப் பார்க்க வழி இருந்தும், தேடாமல் தனதாக்கிக்கொள்வதுதான் குற்றம். பர்ஸும் அட்டையும் சேர்ந்து கிடைத்தால் இதை நன்றாக நினைவில் வைத்திருங்கள்.

எடுத்த இடம், திகதி, நேரம் மூன்றையும் உடனே எழுதிக்கொள்ளுங்கள். போனில் படம் எடுப்பதென்றால் தாள் கிடந்த இடத்தைத் தூரத்திலிருந்து ஒன்று எடுங்கள். எழுத்து வாசிக்கத் தெரியும்படி எடுக்காதீர்கள். அந்தப் படம் உங்கள் போனில் இருந்தால், நாளை உங்கள் போன் தொலையும்போது அந்த ஆளின் விவரமும் சேர்ந்து தொலையும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதில் பெயரும் ஊரும் தெரியும் அளவுக்கு மட்டும் பார்த்தால் போதும். வைத்திய அறிக்கையின் முடிவையோ வங்கிப் புத்தகத்தின் மீதியையோ நீங்கள் தெரிந்துகொண்டு ஆகப்போவது ஒன்றுமில்லை.

முகநூலில் போடாதீர்கள். இதைத் தனியாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாரும் முதலில் செய்வது அதைத்தான். "இந்த அட்டைக்குரியவரைத் தெரிந்தால் ஷெயார் பண்ணுங்க" என்று முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் போட்டுவிடுகிறார்கள். அடையாள அட்டை இலக்கம் வெறும் இலக்கம் இல்லை. 2016க்குப் பிறகு வந்த 12 இலக்க எண்ணில் முதல் நான்கும் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதில் 500 கூட்டியிருக்கும். 532 என்று கண்டால் பெப்ரவரி முதலாம் திகதி பிறந்த பெண் என்று அர்த்தம். வீ எழுத்தோடு முடியும் பழைய அட்டையிலும் இதே கணக்குத்தான், வருடத்துக்கு மட்டும் இரண்டு இலக்கம். பின்பக்கத்தில் விலாசம் வேறு இருக்கிறது. பெயர், பிறந்த திகதி, படம், விலாசம் எல்லாம் ஒரே பதிவில் இருந்தால், இன்னொருவர் பெயரில் சிம் எடுக்க அலையும் ஆளுக்கு வேறு என்ன வேண்டும்?

போட்டே ஆக வேண்டும் என்றால் இப்படி எழுதுங்கள்: "செவ்வாய்க்கிழமை காலை ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பெண்ணின் ஆவணம் கிடைத்தது. பெயர் 'வி'யில் தொடங்குகிறது. உரியவர் முழுப்பெயரையும் தோட்டத்தையும் சொல்லிப் பெற்றுக்கொள்ளலாம்." படம் வேண்டாம். என்ன ஆவணம் என்பதைக் கூடச் சொல்லாமல் விடுங்கள். உண்மையில் தொலைத்தவருக்கு அது தெரியும்.

தொலைந்ததா, வீசியதா?

இதைப் பிரித்துப் பார்ப்பதற்கு நான் வைத்திருக்கும் கணக்கு ஒன்றுதான். ஒரே ஆளின் பலவிதத் தாள்கள் என்றால் தொலைந்தது. பல ஆட்களின் ஒரேவிதத் தாள்கள் என்றால் வீசியது.

ஒரு பொலித்தீன் கவரில் பிறப்புப் பத்திரம், கிளினிக் புத்தகம், பிள்ளையின் படம், நகை அடகு வைத்த சீட்டு எல்லாம் சேர்ந்திருந்தால், யாரோ பிரதேச செயலகத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ போகும் வழியில் பஸ்ஸில் விட்டது. அந்த ஆள் இந்நேரம் அழுதுகொண்டிருப்பார். ஆளைத் தேட வேண்டும். முப்பது பேரின் விண்ணப்பப் படிவம், நாற்பது பேரின் அட்டைப் பிரதி என்று கட்டாகக் கிடந்தால், ஏதோ ஒரு கந்தோர், அதாவது ஆபிஸ், அலுமாரியைச் சுத்தம் செய்திருக்கிறது. அங்கே தேட வேண்டியது ஆளை இல்லை, அந்தக் கந்தோரை. இரண்டும் வேறு வேறு வேலை.

ஆளைத் தேடுவது

வெளியூரிலிருந்து வந்தவர்கள் தடுமாறுவது இங்கேதான். அட்டையில் விலாசம் இருக்கிறதே என்று நினைப்பார்கள். அதில் தோட்டத்தின் பெயரும் ஊரின் பெயரும் மட்டும் இருக்கும். பல லயங்களுக்கு இன்றும் தனி விலாசம் கிடையாது. கடிதம் தோட்டத்து ஆபிசுக்கு வந்து, அங்கிருந்து யார் கையிலாவது போகும். ஒரு தோட்டத்துக்குள் நாலைந்து டிவிஷன், அவற்றுக்கிடையே இரண்டு மூன்று கிலோமீட்டர் ஏற்றம். ஆங்கிலத்தில் ஒரு பெயர், சனங்கள் சொல்வது வேறு பெயர். அட்டையில் உள்ள பெயரைச் சொல்லி பஸ் கண்டக்டரிடம் கேட்டால் விழிப்பார். வயதான ஒருவரிடம் கேளுங்கள், "அட, அதுவா" என்று தமிழ்ப் பெயரைச் சொல்லுவார்.

தோட்டம் தெரிந்துவிட்டால் ஆள் தெரிந்தது போல. தோட்டத் தலைவர், கோயில் தலைவர், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் நிலையத்தில் உள்ள அக்கா, இவர்களில் ஒருவரிடம் சொன்னால் சாயந்தரத்துக்குள் செய்தி போய்விடும். காலை பிரட்டு நேரத்தில், அதாவது வேலைக்கு ஆள் எண்ணும் நேரத்தில், சொன்னால் இன்னும் வேகம். ஆனால் என்ன சொல்கிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும்.

"தலைவரே, மேல் டிவிஷன்ல விஜயலெட்சுமின்னு ஒருத்தங்களோட சாமான் ஒன்னு எங்ககிட்ட இருக்கு. டவுனுக்கு வர்றப்போ கடைக்கு வரச் சொல்லுங்க."

இவ்வளவு போதும். "என்ன சாமான்?" என்று கேட்பார், கேட்காமல் இருக்கமாட்டார். "பேக் ஒன்னு" என்று சொல்லிவிடுங்கள். லயத்தில் ஒரு சுவர்தான் இரண்டு வீட்டுக்கும். அடகுச் சீட்டு என்று சொன்னால் அன்றிரவு அந்த வரிசை முழுக்க எந்தச் சங்கிலி எவ்வளவுக்குப் போனது என்று பேசுவார்கள். ரத்தப் பரிசோதனை அறிக்கை என்று சொன்னால் பேச்சு அதைவிட மோசமாகப் போகும்.

வந்தவரிடம் தாளைக் காட்டிவிட்டு "இதுவா உங்களுடையது?" என்று கேட்காதீர்கள். முதலில் அவரைச் சொல்லவிடுங்கள். என் கடையில் நடந்த மாதிரி ஒன்று:

"அம்மா, என்ன தொலைச்சீங்க?"

"ஒரு பச்சைக் கவரு ஐயா. புள்ளையோட கார்டு உள்ள இருக்கு."

"புள்ள பேரு? எந்த மாசம் பொறந்துச்சு?"

சொன்ன மாதமும் தாளில் இருந்த மாதமும் சரியாக இருந்தது, கொடுத்துவிட்டேன். அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு தாளாக எண்ணினார். என்னைச் சந்தேகப்பட்டு இல்லை. அப்படி எண்ணித்தான் பழக்கம்.

ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள். பெண்ணின் வைத்தியத் தாள், கர்ப்பப் பரிசோதனை, பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, வழக்குத் தாள், இவற்றை அந்தப் பெண்ணின் கையில் மட்டும் கொடுங்கள். வீட்டுக்காரர் வந்து கேட்டாலும், மாமியார் வந்து கேட்டாலும், "அவங்களையே வரச் சொல்லுங்க" என்று சொல்லிவிடுங்கள். அந்தத் தாள் யாருக்கு எதிராக எழுதப்பட்டது என்று உங்களுக்குத் தெரியாது. நேரில் வர முடியாத நிலை என்று தோன்றினால் குடும்ப நல உத்தியோகத்தரிடம், நம்ம ஊர்ப் பேச்சில் மிட்வைஃபிடம், கொடுங்கள். வீடு வீடாகப் போகும் ஆள், யாரை எப்போது தனியாகப் பார்க்கலாம் என்று அவருக்குத் தெரியும்.

எதைக் கொண்டு எங்கே போவது

ஆள் கிடைக்கவில்லை, அல்லது தேட உங்களுக்கு நேரமில்லை என்றால்:

அடையாள அட்டை, சாரதி அனுமதிப்பத்திரம், கடவுச்சீட்டு மூன்றும் பொலிஸ் நிலையத்துக்கு. ஒப்படைத்ததற்கு ஒரு என்ட்ரி போடச் சொல்லி, அந்த இலக்கத்தையும் திகதியையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அட்டை தொலைத்தவர் புது அட்டைக்கு விண்ணப்பிக்க எப்படியும் பொலிசுக்கு வந்து முறைப்பாடு எழுத வேண்டும், அங்கேயே அட்டை இருந்தால் அவருக்கு ஒரு பயணம் மிச்சம். முறைப்பாட்டை நீங்கள் தமிழில் கொடுக்கலாம். சிங்களத்தில் எழுதினால் வாசித்துக் காட்டச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். எல்ல, நுவரெலியா பக்கம் வெள்ளைக்காரரின் கடவுச்சீட்டு கிடைத்தாலும் இதே வழிதான், தங்கியிருந்த ஹோட்டல் தெரிந்தால் அங்கேயும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

பிறப்பு, விவாகப் பத்திரங்கள், பிரஜாவுரிமைச் சான்றிதழ், அஸ்வெசும எனும் அரச நலன்புரிக் கொடுப்பனவுத் தாள்கள் என்றால் அந்தப் பிரிவின் கிராம உத்தியோகத்தர். அவர் இல்லாத நாளில் போனால் பிரதேச செயலகம். பிறப்புப் பத்திரத்தின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் மறுபடியும் எடுக்கலாம்தான். பதிவு இலக்கம் தெரிந்திருந்தால் வேலை சுலபம், தெரியாவிட்டால் ஏட்டைப் புரட்டித் தேட வேண்டும். அதனால் கிழிந்த பத்திரமாக இருந்தாலும் இலக்கம் உள்ள துண்டு பொன் மாதிரி.

வங்கிப் புத்தகம், அட்டை எல்லாம் எந்த வங்கியோ அந்த வங்கியின் பக்கத்துக் கிளைக்கு. "ஆளுடைய போன் நம்பர் கொடுங்கள், நானே கூப்பிடுகிறேன்" என்று கேட்காதீர்கள், கொடுக்கவும் மாட்டார்கள். ஏ.டி.எம். அட்டையோடு சேர்த்து நாலு இலக்கம் எழுதிய துண்டு இருந்தால், அதை வங்கிக்காரரிடம் சொல்லி அட்டையை நிறுத்தச் சொல்லுங்கள். சிரிக்காதீர்கள், பத்துக்கு மூன்று அட்டையாவது அப்படித்தான் வருகிறது என் கடைக்கு.

பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேடு, தாயின் கிளினிக் தாள்கள் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்துக்கு. தடுப்பூசி போட்ட விவரம் அதில்தான் இருக்கிறது, பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது கேட்பார்கள். பரீட்சை அனுமதி அட்டை என்றால் நாள் பார்க்காமல் உடனே அந்தப் பாடசாலை அதிபருக்கு, பரீட்சைக் காலத்தில் ராத்திரி என்றாலும்.

எதற்கு எங்கே என்று குழம்பினால் 1919க்கு ஒரு அழைப்பு, அரச தகவல் நிலையம், தமிழிலும் பேசலாம்.

மூட்டையாகக் கிடந்தால்

சில வருடங்களுக்கு முன், டவுனிலிருந்து இறங்கும் ரோட்டில், கானுக்குப் பக்கத்தில் இரண்டு உரப்பைகள். நாய் இழுத்து ஒன்று பிரிந்திருந்தது. பாதி ரோட்டுக்குக் கடன் படிவங்கள். ஒவ்வொன்றோடும் அடையாள அட்டைப் பிரதி, பாஸ்போர்ட் அளவுப் படம், கிராம உத்தியோகத்தரின் சான்றிதழ். மேலே இருந்த படத்தில் பொட்டு வைத்துக்கொண்டு நேராகப் பார்த்த பெண்ணை எனக்குத் தெரியும். வாரம் ஒருமுறை கடைக்கு வருபவர். இடம் மாறிப் போன ஒரு கடன் கொடுக்கும் கந்தோரின் வேலை அது. பெயர் வேண்டாம். போன் எடுத்துச் சொன்னேன். "அது பழசு, முடிஞ்ச லோன்" என்று பதில் வந்தது. லோன் முடிந்தால் ஆளின் பிறந்த திகதி மாறிவிடுமா? நல்ல வேளையாக அடுத்த அழைப்பில் வேறொருவர் எடுத்தார், ஓட்டோவில் ஆள் அனுப்பினார்கள்.

அந்த அனுபவத்தில் கற்றது இது. மூட்டையைக் கிளறாதீர்கள். வைத்தியக் கழிவு கலந்திருக்கலாம், ஊசியோ ரத்தக் குழாயோ கண்ணில் பட்டால் கை வைக்காமல் பொது சுகாதார பரிசோதகருக்கு அறிவியுங்கள். காகிதம் மட்டும் என்றால் பறக்காமல், நனையாமல் மூடி வையுங்கள், முடிந்தால் இன்னொருவரைச் சாட்சிக்கு நிறுத்திக்கொள்ளுங்கள். வீட்டுக்குத் தூக்கிப் போகாதீர்கள். நாற்பது பேரின் அட்டைப் பிரதி உங்கள் வீட்டில் ஏன் இருக்கிறது என்று நாளை யாராவது கேட்டால் பதில் சொல்வது உங்களுக்குத்தான் கஷ்டம்.

பிறகு அந்த நிறுவனத்தின் கிளை முகாமையாளரோடு பேசுங்கள். வாயிலில் நிற்கும் காவலாளியோடு இல்லை. வந்து எடுக்க ஒரு நேரம் கேளுங்கள், அது வரை காத்திருக்க முடியாவிட்டால் பொலிசுக்குச் சொல்லுங்கள். எடுத்துப் போனாலும் போகாவிட்டாலும் ஒரு கடிதம் எழுதுங்கள், பதிவுத் தபாலில், பிரதி ஒன்று உங்கள் கையில். மாதிரி:

"ஐயா/அம்மணி, இன்ன திகதி காலை இத்தனை மணியளவில், இன்ன இடத்தில், தங்கள் நிறுவனத்தின் பெயர் பொறித்த விண்ணப்பப் படிவங்கள் திறந்த நிலையில் கிடக்கக் கண்டேன். அவற்றில் வாடிக்கையாளர்களின் அடையாள அட்டைப் பிரதிகளும் இருந்தன. அவை அனைத்தையும் மீட்டு, சம்பந்தப்பட்டவர்களுக்கு அறிவித்து, எடுத்த நடவடிக்கையை எனக்கு எழுத்தில் அறியத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்."

இதற்குக் கீழே சட்டத்தின் பெயரைச் சேர்த்தால் கடிதத்துக்குக் கனம் கூடும். தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கம். மற்றவர்களின் விவரத்தை வைத்திருக்கும் நிறுவனம் அதைப் பாதுகாக்கவும் வேண்டும், தேவை முடிந்தால் ஒழுங்காக அழிக்கவும் வேண்டும் என்பது அதன் சாரம். உடல்நலம், பிள்ளைகள், மதம், குற்றப் பதிவு பற்றிய விவரங்களுக்குக் கூடுதல் பாதுகாப்பு. ஒரு கோடி ரூபாய் வரை தண்டப்பணத்துக்கும் இடம் வைத்திருக்கிறார்கள். கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வரும்படி எழுதப்பட்ட சட்டம் இது, அதனால் நாளைக்கே தண்டம் விழும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆனாலும் தரவுப் பாதுகாப்பு அதிகார சபைக்குப் பிரதி அனுப்பியிருப்பதாக ஒரு வரி இருந்தால், கொழும்புத் தலைமையகத்திலிருந்து கிளைக்குப் போன் வரும். அதுதான் நமக்கு வேண்டியது.

அரச அலுவலகத்தின் ஏடுகள் என்றால் கதை வேறு. 1973ஆம் ஆண்டின் தேசிய சுவடிகள் சட்டத்தின்படி, அரச பதிவுகளை நினைத்தபடி அழிக்கவோ வீசவோ முடியாது, சுவடிகள் திணைக்களத்தின் சம்மதம் வேண்டும். ஆகவே பழைய பதிவேடு, பிறப்புப் பதிவுப் பக்கங்கள், பள்ளிக்கூட வரவுப் புத்தகம் குப்பையில் கிடந்தால் பிரதேச செயலாளருக்கு நேராகச் சொல்லுங்கள். தோட்டத்து ஆபிசின் பழைய செக்ரோல் புத்தகமும் அப்படித்தான் கருத வேண்டும் என்பேன் நான். சட்டம் என்ன சொன்னாலும், யார் எந்த வருடம் முதல் எந்த மலையில் கொழுந்து எடுத்தார் என்பதற்குச் சில வேளை அது ஒன்றுதான் சாட்சி. எடைக்குப் போட்ட செக்ரோலைப் பழைய பேப்பர்காரரிடமிருந்து திருப்பி வாங்கிய ஒரு ஆசிரியரை எனக்குத் தெரியும்.

பென் டிரைவ் கிடைத்தால் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்காதீர்கள். வைரஸ் ஒரு காரணம், அடுத்தவர் கோப்பைத் திறப்பது இன்னொரு காரணம். பொலிசில் கொடுத்துவிடுங்கள்.

நனைந்திருந்தால்

இங்கே கிடைக்கும் தாளில் பாதி ஈரமாகத்தான் கிடைக்கும். அவசரப்பட்டு அடுப்படியில் காயவைக்க வேண்டாம். ஏ.டி.எம். துண்டு, பரிசோதனைக்கூடப் பற்றுச்சீட்டு போன்றவை சூட்டில் எழுத்து வரும் தாள்கள். அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் முழுத் தாளும் கறுத்துப் போகும், ஒன்றும் மிஞ்சாது. அயன் பெட்டியும் அதே கதைதான்.

ஒட்டியிருக்கும் தாள்களை ஈரத்தோடு பிரிக்க முயன்றால் கிழியும். பழைய பருத்தித் துணியை விரித்து, கட்டாகவே வைத்து, மேலே இன்னொரு துணியால் மெல்ல ஒற்றுங்கள். பாதி காய்ந்ததும் ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாகத் தானே விடும். பிறகு நிழலில், காற்றுப்படும் இடத்தில். இஸ்தோப்பில், அதாவது முன் விறாந்தையில், கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிடாதீர்கள், போகிறவர் வருகிறவர் எல்லாம் வாசிப்பார்கள். லெமினேட் செய்த பத்திரத்துக்குள் தண்ணீர் போயிருந்தால் நீங்கள் கை வைக்க வேண்டாம், மையும் சேர்ந்து உரிந்துவிடும், அப்படியே கொடுங்கள்.

மண்சரிவுக்குப் பிறகு கிடைக்கும் தாள்கள் தனி. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்த மீரியபெத்தையில் மண் லயங்களையே மூடியது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழையோடு மலை மாவட்டங்களில் எத்தனையோ இடங்கள் சரிந்தன. அப்படிப்பட்ட நாட்களில் மேலே இருந்த வீட்டின் பெட்டி கீழே ஆற்றோரத்தில் திறந்து கிடக்கும். காகிதத்துக்காகச் சரிந்த இடத்துக்குள் இறங்காதீர்கள், மண் இன்னும் அசையும். கைக்கு எட்டியதை எடுத்து, கழுவாமல், கிராம உத்தியோகத்தரிடம் கொடுங்கள். முகாமில் யார் இருக்கிறார்கள், யார் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனார்கள் என்ற பட்டியல் அவரிடம்தான் இருக்கும். உரியவர் உயிரோடு இல்லாமலும் இருக்கலாம். அப்போதும் அந்தத் தாள் மரணப் பதிவுக்கும் நட்ட ஈட்டுக்கும் பிள்ளைகளுக்கு வேண்டும்.

எதை அழிக்கலாம்

மூலப் பத்திரம் எதையும் நீங்களாக அழிக்க வேண்டாம். கிழிந்திருந்தாலும், காலாவதியாகியிருந்தாலும். அழிக்கக் கூடியது போட்டோ கொப்பி மட்டும். அதுவும் உரியவரைக் கண்டுபிடிக்க வழியில்லாத, தனியாகக் கிடைத்த ஒன்றிரண்டு.

கட்டாக அடுப்பில் போட்டால் ஓரம்தான் எரியும். நடுத்தாள் கரிந்த பிரேம் போட்ட மாதிரி அப்படியே வாசிக்கத் தெரியும். ஒவ்வொன்றாகப் போட வேண்டும். எனக்குப் பிடித்தது வாளி முறை. துண்டு துண்டாகக் கிழித்து, ஒரு ராத்திரி வாளித் தண்ணீரில் ஊறவைத்து, காலையில் தோசை மா மாதிரி பிசைந்து, மரக்கறிப் பாத்தி ஓரத்தில் கொட்டிவிடுவேன். சாம்பலும் பறக்காது, பக்கத்து வீட்டுக்காரர் "என்ன எரிக்கிறீங்க?" என்று எட்டியும் பார்க்கமாட்டார்.

நானும் ஒரு காலத்தில் யோக்கியன் இல்லை. மெஷினில் சரியாக விழாத அட்டைப் பிரதிகளின் பின்பக்கத்தில்தான் பில் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன், காகிதம் வீணாகக் கூடாது என்று. ஒருநாள் ஒரு தம்பி பில்லைத் திருப்பிப் பார்த்துவிட்டு "அண்ணே, இது எங்க மாமா" என்றான். அன்றிலிருந்து பழுதான பிரதியையும் சேர்த்து வாடிக்கையாளர் கையில் கொடுத்துவிடுகிறேன். நீங்கள் கொப்பி எடுக்கப் போகும் கடையிலும் கேட்டு வாங்குங்கள். கண்ணாடிக்குக் கீழே அட்டையை மறந்துவிட்டு வராதீர்கள், தொலைந்த அட்டைகளில் பல அங்கேதான் இருக்கின்றன. யாருக்காவது அட்டைப் பிரதி கொடுப்பதென்றால் அதன் குறுக்கே, எழுத்தின் மேலேயே, எதற்காக என்று பேனையால் எழுதித் திகதி போடுங்கள்: "மின்சார இணைப்புக்கு மட்டும்".

அந்த வடைப் பையின் பெண்ணை ரெண்டு நாளில் கண்டுபிடித்துவிட்டேன். தோட்டத்தின் பெயர் தெரிந்த பெயர்தான். தாளைக் கொடுத்தபோது எண்ணெய்க் கறையைத் தடவிப் பார்த்துவிட்டு, "லோன் கெடைக்கலன்னு சொன்னாங்க. தாள எங்கன்னு கேட்டேன், பைல்ல இருக்குன்னாங்க" என்றார். பிணை நின்ற இரண்டு பேருக்கும் தானே சொல்லிக்கொள்வதாகச் சொன்னார். கடிதத்தை என் கடையில் உட்கார்ந்தே எழுதினோம். மேலே உள்ள மாதிரியைத்தான் இந்த விஷயத்துக்கு ஏற்ப மாற்றிக்கொண்டோம். பதிவுத் தபால் பற்றுச்சீட்டு அவரிடம் இருக்கிறது.